பெயிண்ட் முதல்லயா, பேப்பர் முதல்லயா? பாதியில நிக்கிற பழைய வண்டிக்காரங்களுக்கு

9 ஜூன் 2024, செங்கோட்டை வாசகர் கேட்டது

"அண்ணாச்சி, எங்க சித்தப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஷெட்டுல நிக்கி. கழட்டிப் போட்டு எத்தனையோ வருசம் ஓடிட்டு. எனக்கு ஒரு வழி தோணுது. முதல்ல டிங்கரிங் பாத்து பளபளன்னு பெயிண்ட் அடிச்சிரணும். பாக்கப் பாக்க மிச்ச வேலைய முடிக்க ஆசை வரும்லா? ஆர்வம் இல்லாமத்தான் எல்லா வண்டியும் பாதியில நிக்கி. நீங்க என்ன சொல்லுதிய?"

10 ஜூன் 2024

தம்பி, ஆசை வரணும்னு பெயிண்ட் அடிக்காதீங்க. ஹெரால்டுக்கு அடிக்கவே அடிக்காதீங்க.

அது மத்த கார் மாதிரி ஒரே கூடு கிடையாது. தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், அது மேல துண்டு துண்டா போல்ட் போட்டு உக்கார வச்ச பாடி. முன்னாடி பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே பீஸா முன்பக்கம் சாயும். கதவு இடைவெளி ஒழுங்கா வரணும்னா சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவுல தகடு வச்சு, எடுத்து, திரும்ப வச்சுப் பாக்கணும். சேசிஸ்ல இருந்து பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்கிற கைகள் துரு தின்னிருந்தா வெட்டி வெல்டிங் வைக்கணும். இதெல்லாம் பெயிண்டுக்கு அப்புறம் செஞ்சா கதவு மூலை பூராம் பெயரும். பிறகு கீறல் விழுந்துருமோன்னு வண்டியத் தொடவே கை வராது. கம்பம் ஊர்ல ஒரு பிரீமியர் பத்மினி கார் அப்படித்தான் போர்வைக்குள்ள கிடக்கு. பெயிண்ட் அருமையா இருக்கு. எஞ்சின் இன்னும் சாக்குல.

10 ஜூன், ராத்திரி

நீ யாருய்யா சொல்றதுக்குன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயம்தான்.

நான் கூடலூர்க்காரன். தேனி கூடலூர், நீலகிரி இல்ல. வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டாயில ஒரு மகிந்திரா சிஜே3பி ஜீப்பு நிக்கிது, அறுபதுகள் மாடல். மாமா வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்துக்காரர்கிட்ட வாங்குனது. விடியக்காலம் கம்பம்மெட்டு ஏறி வேலையாளுகளைத் தோட்டத்துல இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வந்த வண்டி. மாமா போனதும் என்கிட்ட வந்துச்சு. வந்த சூட்டோட கழட்டுனேன். அத்தோட நின்னுச்சு. இப்ப பானெட் மேல மிளகு காயுது.

11 ஜூன் 2024

குமுளி மலை அடிவாரத்து லோயர்கேம்ப் நண்பர் எழுதியிருக்கார்: "பென்னிகுக் 1887ல ஆரம்பிச்சு 1895ல முல்லைப் பெரியாறு அணையவே கட்டி முடிச்சிட்டாரு. உங்களுக்கு ஒரு ஜீப்பு முடியல."

அவருக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் இல்ல அண்ணே.

13 ஜூன் 2024

சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனா ரெண்டு நாளா அதையே நினைச்சுக்கிட்டிருக்கேன்.

என் ஜீப்பு நம்பர் கே.எல்.கே.ல ஆரம்பிக்கும். கோட்டயம். சின்னப் பசங்க "வண்டன்மேடு இடுக்கியில்ல இருக்கு?"ன்னு கேக்குறாங்க. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரியிலதான் பொறந்துச்சு. அதுக்கு முன்னாடி உடும்பன்சோலை, பீர்மேடு, தேவிகுளம் மூணு தாலுகாவும் கோட்டயத்துல இருந்துச்சு. மலை மேல ஓடுன பழைய வண்டிகள்ல கே.எல்.கே. அதனாலதான்.

ஆர்.சி. இன்னும் அந்தத் தோட்டக்காரர் பேர்ல. மாமா பேருக்கு மாத்தவே இல்ல. அந்தக் காலத்துல எல்லையில யாரும் மாத்த மாட்டாங்க. கையெழுத்துப் போட்ட ஃபாரத்தை மடிச்சு சீட்டுக்கு அடியில வச்சிருப்பாங்க, அவ்வளவுதான். சட்டப்படி ஒரு மாநில வண்டி இன்னொரு மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல இருந்தா இங்க புது நம்பர் வாங்கணும். அதுக்கு அங்கிருந்து என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லைங்கிற தாள், ஃபாரம் 28. பேர் மாத்த 29, 30. ஆர்.சி. புதுப்பிக்க 25. புது நம்பருக்கு 27. இந்த வரிசைய மனசுல ஓட்டிப் பாத்தாலே கையில இருக்கிற ஸ்பேனரைக் கீழ வச்சிரத் தோணும்.

செங்கோட்டைத் தம்பி ஆர்வம் இல்லாததுன்னு சொன்னது இதைத்தான்னு நினைக்கிறேன். ஞாயித்துக்கிழமை கொட்டாய்க்குப் போய் நட்டைத் தொட்டதும், "இதை முடிச்சு என்னத்துக்கு, ரோட்டுல ஓட்டவா முடியும்"னு உள்ளுக்குள்ள ஒரு குரல் கேக்கும். அந்தக் குரல் கேக்குற வரைக்கும் ஆர்வம் எங்கிட்டு நிக்கும்? இந்தப் பக்கம் நின்னுபோன வண்டியில பாதிக்கு மேல துருவால நின்னது இல்ல, பேப்பரால நின்னதுதான். குமுளி, போடிமெட்டு, வாளையாறு, உங்க புளியரை வரைக்கும் இதே கதை. நம்பர் அங்கிட்டு, வண்டி இங்கிட்டு.

14 ஜூன் 2024

"வின்டேஜ் நம்பர் வாங்கிட்டா தொல்லை இல்லையே"ன்னு ரெண்டு பேர்.

2021 ஜூலையில வந்த விதி அது. முதல் பதிவுல இருந்து 50 வருசம் தாண்டின ரெண்டு சக்கரம், நாலு சக்கரம். நம்பர்ல வி.ஏ.ன்னு எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருசம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. ஆனா வழக்கமா ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்க, அவ்வளவுதான். சேசிஸ், பாடி, எஞ்சின் மூணும் பெருசா மாறாம இருக்கணும். டீசல் எஞ்சின் மாத்துன ஜீப்புக்கு வழியே கிடையாது. எனக்கு ஏலக்காய் மூட்டை ஏத்துற வண்டிதான் வேணும். பேரணிக்குப் போற ஆளா நான்?

30 ஜூன் 2024

கோட்டயத்துக்கும் மலைக்கும் அலைஞ்சாச்சு. தோட்டக்காரர் இல்ல, மகன் இருக்கார். நல்ல மனுசன். மாமா பேரைச் சொன்னதும் சாயா வாங்கிக் கொடுத்து, வாரிசுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார். ஒரு ஆபீஸ்ல பழைய ரிஜிஸ்டரைத் தேட "அடுத்த ஆழ்ச்ச வரு"ன்னாங்க. அடுத்த வாரமும் அதையேதான் சொன்னாங்க. கம்ப்யூட்டர்ல வண்டியே இல்ல. புத்தகத்துல இருந்து எடுத்து பேக்லாக் என்ட்ரி போட்டாத்தான் மத்தது நடக்கும்.

ஆனா அங்க ஒரு வேலை கொடுத்தாங்க, அதைச் சொல்லத்தான் உக்காந்தேன். சேசிஸ் நம்பரைப் பென்சில்ல தேய்ச்சு எடுத்துட்டு வரச் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து சேசிஸ் சட்டத்தைப் பாத்தா கிரீஸும் மண்ணும் துருவும் ஒரு விரக்கடை. மண்ணெண்ணெய், வயர் பிரஷ், சாயங்காலம் பூராம். முதல் எழுத்து தெரிஞ்சதும் விடவே முடியல. நம்பர் முழுசும் வந்த பிறகும் தேய்ச்சுக்கிட்டே போனேன், ஸ்பிரிங் பட்டையைப் பிடிச்சிருக்கிற ஷேக்கிள் வரைக்கும். வீட்ல சாப்பிடக் கூப்பிட்டது காதுல விழல.

2 ஜூலை 2024

ஒருத்தர் டேப்பட் கேப், அதாவது வால்வுக்கு விடுற இடைவெளி, "எல்லா வால்வுக்கும் பத்து தௌ"ன்னு எழுதியிருக்கார் (தௌன்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு). வேண்டாம் அண்ணே. என் ஜீப்புல இருக்கிற இந்த ஹரிக்கேன் எஞ்சின் 2199 சிசி, இன்லெட் வால்வு ஹெட்ல, எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்ல. ஹெட் உசரமானதாலதான் சிஜே3பிக்கு பானெட்டும் அவ்வளவு உசரம். எஞ்சின் ஆறினப்புறம் இன்லெட் 18 தௌ, எக்ஸாஸ்ட் 16 தௌ. பத்துல வச்சா எக்ஸாஸ்ட் சூட்டுல ஒழுங்கா மூடாம கருகிரும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

ரொம்ப நாள் நின்ன வண்டியில எக்ஸாஸ்ட் வால்வு திறந்தபடியே ஒட்டிக்கும். எஞ்சின் சுத்தும், கம்ப்ரஷன் வராது. உடனே சிலிண்டரைக் கடைஞ்சு போரிங் போடணும்னு லேத் பட்டறையில சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி எண்ணெய் விட்டு ஊற வச்சு மெதுவாத் தட்டி இறக்கிப் பாருங்க.

21 ஜூலை 2024

செங்கோட்டைத் தம்பி மறுபடி: "அண்ணாச்சி, என் வண்டிக்குப் பேப்பர் பூராம் கரெக்டா இருக்கு. அப்போ நான் ஏன் முடிக்கல?"

நல்லா மாட்டி விட்டீங்க தம்பி.

உங்க வண்டியில அடுத்து என்ன வேலை, அது யார் கையில இருக்குன்னு யோசிங்க. எனக்கு வெல்டர் கையில இருக்கும். சித்திரை வந்தா அவர் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருவார், திரும்பி வந்தா தேர் அலுப்பு, அப்புறம் ஒரு கல்யாணம். பிஸ்டன் மதுரையில, ஸ்பேர் கோயமுத்தூர் உக்கடத்துல. என் கையில ஒண்ணும் இல்லைன்னா நான் கொட்டாய்ப் பக்கமே போக மாட்டேன். ஒரு வாரம் போகாட்டி பானெட் மேல மிளகு வந்துரும். மிளகு வந்தா அப்புறம் அது அலமாரிதான்.

அதனால இப்பல்லாம் யாரையும் நம்பாம நானே செய்யிற ஒரு சின்ன வேலைய எப்பவும் மிச்சம் வச்சுக்கிறேன். துருப்பிடிச்ச பிராக்கெட், கொக்கி, கதவுச் சங்கிலி இப்படி. பிளாஸ்டிக் வாளித் தண்ணியில சலவைச் சோடா, சாதா இரும்புத் தகடு ஒண்ணு, பேட்டரி சார்ஜர். துருப்பிடிச்ச சாமானுக்கு நெகட்டிவ், தகடுக்கு பாசிட்டிவ். ராத்திரி போட்டா காலையில துரு கறுப்புச் சேறா கழண்டு வரும். எவர்சில்வர் தட்டை மட்டும் வச்சிராதீங்க, அதுல இருந்து விஷக் குரோமியம் தண்ணியில இறங்கும். வாளியக் காத்தோட்டமா வெளியில வைங்க, கேஸ் வரும், பக்கத்துல பீடி ஆகாது. எடுத்ததும் காய வச்சு அன்னைக்கே பிரைமர் அடிச்சிரணும். நம்ம ஊர் ஈரத்துக்கு மறுநாளே செம்மண் நிறம் ஏறிரும்.

22 ஜூலை 2024

மிளகை எடுத்துட்டேன். வீட்ல சண்டை. "இப்ப எங்க காய வைக்கிறது?" மாடியில. "குரங்கு?" இந்த இழையில குரங்குக்குத் தீர்வு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

6 அக்டோபர் 2024

என்.ஓ.சி. வந்துருச்சு! ஒரு தாள். பாக்க ஒண்ணுமே இல்ல.

7 அக்டோபர் 2024

அந்தத் தாளைப் பத்தி இன்னும் கொஞ்சம். இனி தேனியில வண்டியக் காட்டணும். இன்ஸ்பெக்டர் என்ன பாப்பார்னு புரோக்கர்கிட்ட, பழகுன மெக்கானிக்கிட்ட எல்லாம் கேட்டேன். பிரேக் பிடிக்கணும், ஹேண்ட்பிரேக் நிக்கணும், லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், டயர், புகை, சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர். நிறம் ஆர்.சி.யில போட்டபடி இருக்கணும். பளபளப்பை யாரும் கேக்கல.

இத்தனை நாளா என் மனசுல "முடிக்கிறது"ன்னா சீட் ரெக்சின், பெயர்ப் பலகை, டேஷ்போர்டு மீட்டர் எழுத்து எல்லாம் 1960களுக்குத் திரும்பணும்னு இருந்துச்சு. அப்படி ஒரு முடிவு கண்ணுக்கே எட்டாது. இப்ப முடிவுன்னா தேனி வரைக்கும் ஓடிப் போய், காட்டி, ஓடி வர்றது. மிச்சமெல்லாம் ஓட்டிக்கிட்டே பாக்கலாம்.

போடி ரயிலைப் பாருங்க. மீட்டர்கேஜ் 2010 கடைசியோட நின்னுச்சு. எங்க பக்கத்து ஆளுக அது வரவே வராதுன்னு சத்தியம் பண்ணாங்க. உசிலம்பட்டி வரைக்கும் போட்டு சோதனை ஓட்டம், அப்புறம் ஆண்டிபட்டி, அப்புறம் தேனி. 2022 மே மாசம் தேனிக்கு வண்டி வந்துருச்சு, போடிக்கு 2023 ஜூன்ல. போடி வேலை முடியட்டும்னு தேனியக் காத்திருக்க விடலை.

8 அக்டோபர் 2024

லோயர்கேம்ப் நண்பர்: "ரயில்வே உதாரணம் கொடுத்து பன்னெண்டு வருசத்துக்கு அனுமதி வாங்கிட்டீங்க."

இந்த ஆளைத் தடை பண்ண வழி இருக்கா?

19 ஜனவரி 2025

பிரேக். இதைப் பத்தி நீளமா எழுதணும், ஏன்னா உயிர் இதுல இருக்கு.

இந்த ஜீப்புல நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். எங்கயாவது ஒரு குழாய் ஒழுகுனா நாலுலயும் பிரேக் இல்ல. ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரத்துக்கு இழுவையைப் பிரிக்கிற பெட்டி) பின்னாடி புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். அதனால மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாமே புதுசு போட்டேன். நின்ன வண்டியில பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து உள்ளயே அரிச்சிருக்கும். வெளியில பாத்தா தெரியாது. வளைக்கச் சுலபம்னு சாதா செம்புக் குழாய் போடச் சொல்லுவாங்க. வேண்டாம். அதிர்வுல கெட்டிப்பட்டு வெடிப்பு விடும். பிரேக்குக்குன்னு வர்ற ஸ்டீல் குழாய்தான்.

பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில. அதாவது நாம பெட்ரோல் மேல உக்காந்துதான் ஓட்டுறோம். டேங்க் ஒழுகுதான்னு தண்ணி ஊத்திப் பாத்து, நல்லாக் காய வச்சப்புறம் பெட்ரோல். ஏர்கிளீனர் எண்ணெய்க் கிண்ணத்துல அணில் கூடு. தேங்காய் நார், பஞ்சு, யாரோ ஒருத்தரோட லாட்டரிச் சீட்டு. தமிழ்நாட்டுல தடை ஆகிப் பல வருசம், அதனால அணிலும் கேரளாக்காரன்தான்.

2 மார்ச் 2025

ஸ்டார்ட் ஆச்சு.

3 மார்ச் 2025

நேத்து ஒரு வரிதான் எழுத வந்துச்சு. பிளக் கழட்டி டீசலும் கியர் ஆயிலும் கலந்து விட்டு ஊற வச்சது பலிச்சது. முன் பம்பர் ஓட்டை வழியா ஹேண்டில் விட்டு கையாலதான் சுத்துனேன். தெரு பூராம் புகை. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து "உங்க மாமன் வண்டிச் சத்தம்"னு சொல்லிட்டு, துணி காயப் போட்டிருந்ததுக்கு ஒரு திட்டும் திட்டிட்டுப் போனாங்க.

16 மார்ச் 2025

ஈ20 பெட்ரோல் பத்தி நிறையக் கேள்வி. நூத்துக்கு இருபது எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓடிக்கிட்டே இருக்கிற வண்டியில தெரியாது, பாதி வேலையில நிக்கிற வண்டியிலதான் கொல்லும். டேங்க்ல தண்ணி தனியா அடியில இறங்கும், சோலெக்ஸ் கார்புரேட்டர்ல வெள்ளைப் பொடி பூக்கும், பழைய பம்ப் டயாஃப்ரம் உப்பும். எஞ்சினை ஓட்டிப் பாத்துட்டு வாரக்கணக்குல விடப் போறீங்கன்னா கார்புரேட்டரைக் காலி பண்ணிட்டு மூடுங்க. ஹோஸ் எத்தனால் தாங்குற வைட்டான் ரப்பர்ல போடுங்க.

லெட் இல்லாத பெட்ரோலால வால்வு சீட் போகும்னு ஒருத்தர் பயமுறுத்துறார். லெட் பெட்ரோல் 2000 பிப்ரவரியில நின்னுச்சு. அதுக்கப்புறமும் இந்த எஞ்சின்கள் மலை ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. பாரம் ஏத்தி விரட்டிக்கிட்டே இருக்கிறவங்க வேணும்னா கவலைப்படட்டும்.

11 மே 2025, செங்கோட்டை வாசகர்

"அண்ணாச்சி, கோவப்படாதிய. பெயிண்ட் அடிச்சிட்டேன். ஆனா பானெட் மட்டும். அதை மட்டும் தனியாக் கழட்டி, அடிச்சு, வீட்டு வராந்தாவுல நிப்பாட்டியிருக்கேன். வாரவுக போறவுக எல்லாரும் 'மிச்ச காரு எங்கடே?'ன்னு கேக்காவ. மானம் போகுதுன்னு சேசிஸ் வெல்டிங் ஆரம்பிச்சிட்டேன்."

11 மே 2025

அடப்பாவி. இது நான் யோசிக்காத வழி. ஆர்வத்தை விட வெக்கம் பலமான சாமான் போல. பானெட் கீலை மறுபடி மாட்டும்போது இடைவெளி சரி பண்ண ரெண்டு பேர் வேணும், போர்வை சுத்தி மாட்டுங்க.

29 ஜூன் 2025

தேனி போய்க் காட்டிட்டு வந்தாச்சு. இன்ஸ்பெக்டர் சின்னப் பையன், ஹேண்டில் ஓட்டையைப் பாத்து இது எதுக்குன்னு கேட்டார். சுத்திக் காட்டுனேன். டி.என். 60ல நம்பர் வந்துருச்சு. கே.எல்.கே. பலகைய வீட்ல தூக்கிப் போட விடல, சமையக்கட்டுக் கதவுல மாட்டியிருக்காங்க.

7 செப்டம்பர் 2025

தள்ளிப் போடுறவங்களுக்குச் செய்தி. ஆகஸ்ட்ல கட்டணத்தை ஏத்திட்டாங்க. 20 வருசம் தாண்டின கார், ஜீப்புக்கு ஆர்.சி. புதுப்பிக்க 5,000 இருந்தது 10,000. பைக்குக்கு 2,000. புதுப்பிக்கிற நாள் ஏற்கெனவே தவறியிருந்தா கார், ஜீப்புக்கு மாசத்துக்கு 500 ரூபாய் தனி. ஷெட்டுல சும்மா நிக்கிற வண்டிக்கும் இது ஏறிக்கிட்டேதான் இருக்கும்.

இதைப் பாத்துட்டு ஒருத்தர் வித்துரலாமான்னு கேட்டார். வித்துருங்க. குத்தம் சொல்ல மாட்டேன். ஓட்ட ஆசைப்படுறவன் வாங்கிட்டுப் போனா வண்டிக்கும் நல்லது. பேப்பரைச் சரி பண்ணிட்டு வித்தா விலையும் கூட வரும்.

2 நவம்பர் 2025

"குமுளி மலை ஏறியாச்சா?"ன்னு லோயர்கேம்ப் நண்பர் வாராவாரம் கேக்குறார். அவர் வீடு வரைக்கும் வந்து காபி குடிச்சிட்டுத்தான் திரும்புறேன், அது அவருக்குத் தெரியும்.

ஏறிருவேன் அண்ணே, இறங்கணுமே. டி-90 கியர்பாக்ஸ். இறக்கத்துல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா ரெண்டாவது கியர் தானாக் கழண்டு நியூட்ரலுக்கு வந்துருது. ஒத்தைப் பிரேக் சர்க்யூட்டை நம்பி அந்த வளைவுகள்ல இறங்க நான் தயாரா இல்ல. பாக்ஸை இறக்கிப் பாத்தாச்சு, ரெண்டாவது கியர் பல்லு தேஞ்சு கூம்பாயிருச்சு, கியர் அலுங்காம விழ வைக்கிற சிங்க்ரோவும் போச்சு. ஹரியானாவுல பழைய ஜீப்பு சாமானுக்குப் பேர் போன மண்டி டப்வாலியில இருந்து ஒரு பழைய பாக்ஸ் அனுப்புறேங்கிறாங்க, முழுப் பாக்ஸாத்தான் தருவாங்களாம். எனக்கு வேண்டியது கியரும் சிங்க்ரோவும் மட்டும். போடிமெட்டு, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் யார் கொட்டாயிலயாவது கிடந்தா, விலைய அப்புறம் பேசிக்கலாம், முதல்ல பல்லைத் துடைச்சு ஒரு படம் எடுத்துப் போடுங்க.